பேரைச் சொன்னா நம்பர் வரணும்!

சென்னையில் விலாசம் தேடி அலைந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். கதவுக்குக் கதவு இரண்டு எண்கள். பழைய எண் 14, புதிய எண் 27. கார்ப்பரேஷன் எண்ணை மாற்றியது; ஜனங்கள் மாறவில்லை. கல்யாணப் பத்திரிகையில் இரண்டையும் அச்சடித்து நடுவில் ஒரு சாய்கோடு போட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். புதிய 27-ஐத் தேடிப் போனால் பழைய 27-இன் வாசலில் நிற்போம். உள்ளேயிருந்து முதலில் நாய் வரும். அப்புறம் ஒரு மாமா வருவார். 'இங்க அப்படி யாரும் இல்லீங்களே' என்பார். கடைசியில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம், 'ஈ.பி.யில இருந்து ரிட்டயர் ஆனாரே...' என்று ஆரம்பித்தால் போதும். வாக்கியம் முடிவதற்குள் கை நீளும். 'அதோ, பச்சை கேட்டு!'

இன்டர்நெட் மொத்தமும் இந்த மாதிரி ஓர் இஸ்திரி வண்டியை நம்பித்தான் ஓடுகிறது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் வெப் புரோகிராம் எழுதிச் சோறு சாப்பிடுகிறவன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விஷயம் இதுதான். நாம் ஒரு வெப்ஸைட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். கம்ப்யூட்டருக்குப் பெயர் புரியாது. அதற்கு எண் வேண்டும். நாலு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள். இதுதான் ஐ.பி. எண். (புதுசாக வந்திருக்கும் இன்னொரு வகை இதைப் போல நாலு மடங்கு நீளம். வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும்.) பெயரைக் கொடுத்து எண்ணை வாங்குகிற இந்த வேலை புரோகிராமில் ஒரே ஒரு வரி. அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலேஜில் அதற்கு மார்க் இல்லை. இன்டர்வியூவில் 'டி.என்.எஸ். என்றால் என்ன?' என்று கேட்பார்கள். நாமும் 'இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி ஸார்' என்போம். உத்தியோகம் கிடைத்துவிடும். அத்தோடு சரி.

டைரக்டரி என்பது பாதிப் பொய். ஒரு காலத்தில் அது நிஜமாகவே டைரக்டரியாக இருந்தது. அப்போது இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் காலம், 1970-கள். கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையம். அங்கே எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு தகவல் மையம். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் சேர்ந்தால் அவர்களிடம்தான் பெயர் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை 'ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்' என்கிற ஒரே ஃபைலில் ஏற்றுவார்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் வந்து அந்த ஃபைலை நகலெடுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. உலகத்துக் கம்ப்யூட்டர்களின் ரேஷன் கார்டு ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கூட்டம் சேர்ந்ததும் மூச்சுத் திணறியது. எல்லோருக்கும் ஒரே நல்ல பெயர் வேண்டும். எல்லோரும் ஒரே இடத்துக்கு நகலெடுக்க வருகிறார்கள். நகல் கடைசி ஆள் கையில் சேர்வதற்குள் மூலம் மாறிவிடுகிறது. ஜான் போஸ்டல் என்பவர் பால் மொக்கபெட்ரிஸ் என்கிற இளைஞரைக் கூப்பிட்டு, 'இதற்கென்று ஏற்கெனவே சில யோசனைகள் வந்திருக்கின்றன, பார்த்து ஒரு சமரசம் பண்ணு' என்றார். மொக்கபெட்ரிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சமரசம் பண்ணாமல் புதுசாக ஒன்றை எழுதிக்கொடுத்தார். 1983 நவம்பரில் அது வெளியானது. அதுதான் டி.என்.எஸ். நம் ஆபீஸில் அந்த மாதிரி செய்து பாருங்கள். மெமோ வரும்.

அவர் செய்த தந்திரம், முழு ஜாபிதாவை யாரிடமும் வைக்காததுதான். தலைமை ஆபீஸுக்குக் கிளை ஆபீஸ்களைத் தெரியும். கிளை ஆபீஸுக்குத் தன் கீழே இருக்கிற குமாஸ்தாக்களைத் தெரியும். குமாஸ்தாவுக்குத் தன் மேஜைக் காகிதம் தெரியும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

உங்கள் புரோகிராம் டாட் இன் என்று முடியும் ஒரு பெயரைக் கொடுத்து எண் கேட்கிறது என்று வையுங்கள். முதலில் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஹோஸ்ட்ஸ் என்று ஒரு குட்டி ஃபைல் உண்டு, அதைப் புரட்டும். (எஸ்.ஆர்.ஐ. காலத்து ஃபைலின் பேரப்பிள்ளை அது. இன்னும் உயிரோடு இருக்கிறது!) அதில் இல்லையென்றால், ரிஸால்வர் என்கிற தரகரிடம் கேட்கும். பெரும்பாலும் உங்களுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர்தான் அந்தத் தரகரையும் வைத்திருப்பார். அவர் பெயரைக் கடைசியிலிருந்து படிப்பார், தபால் பிரிப்பவர் கவரை அடியிலிருந்து மேலே படிப்பது போல. முதலில் ரூட் ஸர்வர்.

ரூட் ஸர்வரிடம் போனால், 'எனக்குத் தெரியாதுப்பா. டாட் இன் ஆளுங்க அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காங்க' என்கிறது. அங்கே போனால், 'எனக்கும் தெரியாது. அந்தக் கம்பெனியோட ஸர்வர் இது, அதைக் கேளு' என்கிறது. மூன்றாவது ஸர்வர்தான் எண்ணைத் தருகிறது. சர்ட்டிஃபிகேட் வாங்கத் தாலுகா ஆபீஸ் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. ஒரே வித்தியாசம், இங்கே மூன்று ஸீட்டையும் கண் இமைப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

ரூட் ஸர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஏன் 13? அந்தக் காலத்து டி.என்.எஸ். பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் அத்தனை பெயர்தான் பிடித்தது. ராசியெல்லாம் ஒன்றுமில்லை. பெயர்தான் 13, பிரதிகள் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல். எஃப் என்கிற ஸர்வரின் ஒரு பிரதி நம் சென்னையிலேயே வைக்கப்பட்டது.

தமிழிலும் பெயர் வைக்கலாம், தெரியுமோ? புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே உண்டு. ஆனால் கேள்வி கம்பி வழியாகப் போகும்போது அது எக்ஸ்-என் என்று ஆரம்பித்து, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கூளமாக மாறித்தான் போகிறது. பாஸ்போர்ட்டில் நம் தாத்தா பெயருக்கு ஆனது போல.

இத்தனையும் கேட்டு வாங்கிய பதிலைத் தரகர் தூக்கிப் போட்டுவிடுவாரா? மாட்டார். வைத்துக்கொள்வார். அடுத்தவர் கேட்டால் ஓடாமலேயே சொல்லலாமே! இங்கேதான் வருகிறது நான் சொல்ல வந்த சமாச்சாரம். ஒவ்வொரு பதிலோடும் ஓர் ஆயுள் ஒட்டியிருக்கிறது, பால் பாக்கெட்டில் தேதி அச்சடித்திருப்பது போல. 300 விநாடி, 3,600 விநாடி, 86,400 விநாடி என்று கணக்கு. டி.டி.எல். என்று பெயர். அதுவரைக்கும் இந்த எண்ணை நம்பு, அப்புறம் மறுபடி வந்து கேள் என்று அர்த்தம். எண் உங்களுக்குச் சொந்தம் இல்லை ஸார். வாடகைக்கு வந்தது. தவணை முடிந்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தால் அது பழைய 27.

2014-இல் அப்படி ஒரு பழைய 27-இன் வாசலில் ஒரு ராத்திரி முழுக்க நின்றோம்.

அப்போது நான் இருந்தது கிண்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. இருபத்திரண்டு பேர், ஒரு ஏ.ஸி., அதற்கு ஒரு ரிமோட், ரிமோட்டுக்கு இரண்டு கோஷ்டி. ஒரு கல்லூரிக் குழுமத்துக்கு ஃபீஸ் கட்டும் வெப்ஸைட் செய்து நடத்திக்கொண்டிருந்தோம். ஜூன் மாதம், ஃபீஸ் கட்டக் கடைசி நாள். ராத்திரி 12 மணிக்குள் கட்டாவிட்டால் ஸீட் வெயிட்டிங் லிஸ்ட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். பணத்தை வாங்கி பாங்குக்கு அனுப்புவது இன்னொரு கம்பெனி. எங்கள் புரோகிராம் அந்தக் கம்பெனியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். எண் வரும். பேசும். மூன்று வருஷமாக ஒரு குறையும் இல்லை.

ஒன்பது மணிக்குப் பட்டென்று நின்றது.

'பணம் கட்டு' பட்டனைத் தட்டினால் ஒரு சக்கரம் சுற்றுகிறது. ஒரு நிமிஷம் சுற்றிவிட்டு 'மீண்டும் முயற்சிக்கவும்' என்கிறது. முயற்சித்தார்கள். மறுபடி சக்கரம். போன் மணி அடிக்க ஆரம்பித்தது. பண்ருட்டியிலிருந்து ஒரு அப்பா. 'தம்பி, ப்ரவுஸிங் சென்டர்க்காரர் கடையச் சாத்தணும்ங்கறாரு. சாத்தச் சொல்லவா, வேணாமா?' என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

மானேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். வந்ததும் கேட்டது எல்லா ஆபீஸிலும் கேட்கப்படுகிற அதே கேள்வி: "இன்னிக்கு யார் இதுல கை வச்சது?"

கை வைத்தவன் ஓரத்து ஸீட்டில் இருந்தான். விருத்தாசலத்துப் பையன். சேர்ந்து ஐந்து மாதம். புரொபேஷன் ஆறு மாதம். அன்றைக்குச் சாயந்திரம் நாலு மணிக்கு ரசீது அச்சாகும் விதத்தைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு ஸர்வர்களிலும் ஏற்றியிருந்தான். ரூபாய்க் குறி கட்டம் கட்டமாக வருகிறது என்று கல்லூரிக்காரர்களே கேட்ட மாற்றம்தான்.

"ரசீதுல மட்டும்தான் ஸார்..." என்று எழுந்து நின்றான்.

"கடைசி நாள்ல எவனாவது கை வப்பானா? எடு அதை!"

முதல் ஸர்வரில் அவன் மாற்றத்தை எடுத்துவிட்டுப் பழைய புரோகிராமைப் போட்டார்கள். மணி பத்து இருபது. பட்டனைத் தட்டினால்... பணம் போகிறது! ரசீது வருகிறது, கட்டம் கட்டமாக! எல்லோரும் கை தட்டினார்கள். மானேஜர் பையனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம்தான் என்ன? மாற்றினான், கெட்டது. எடுத்தோம், சரியானது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவர் நேரே உள்ளே போய்க் கல்லூரிக்கு மெயில் எழுத உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. அவன் ஏற்றியது நாலு மணிக்கு. நாலிலிருந்து ஒன்பது வரை நூற்றுக்கணக்கான பேர் பணம் கட்டி, நல்ல ரசீதும் வாங்கிப் போயிருக்கிறார்கள். தப்பான புரோகிராம் ஐந்து மணி நேரம் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, மணி அடித்தாற்போல ஒன்பதுக்குக் கெடுமா? ஜாதகம் பார்த்துக் கெடுகிற புரோகிராமை நான் பார்த்ததில்லை. அதுவுமில்லாமல், புரோகிராமை மாற்றிப் போடும்போது அது நின்று மறுபடி கிளம்புகிறதே! சரியானது பழைய புரோகிராம் வந்ததாலா, அல்லது நின்று கிளம்பியதாலா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் எது மருந்து, எது தண்ணீர் என்று எப்படித் தெரியும்?

மானேஜரிடம் போனேன். "ஸார், ரெண்டாவது ஸர்வரைத் தொடாதீங்க. ஒரு பத்து நிமிஷம்."

"பசங்க காத்திருக்காங்கய்யா!"

"அவங்க எல்லாரும் முதல் ஸர்வர்லயே கட்டட்டும். இதை வரிசையிலேருந்து எடுத்துட்டேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"சரியாப் போனதுக்கு அப்புறம் என்னத்தப் பாக்கப் போற?"

"எதனால சரியாச்சுன்னு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் கொடுத்தார். (எனக்குத் தெரிந்த மானேஜர்களில் பாதிப் பேர் கொடுத்திருக்க மாட்டார்கள். அதையும் எழுதிவிட வேண்டும்.)

இரண்டாவது ஸர்வரில் உட்கார்ந்து, கையாலேயே அந்தப் பணக் கம்பெனியின் பெயரைக் கேட்டேன். இதற்கென்றே என்.எஸ்.லுக்கப் என்று ஒரு கட்டளை உண்டு. எண் வந்தது. அடுத்து, எங்கள் புரோகிராம் அந்த நிமிஷம் எந்த எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று நெட்ஸ்டாட்டில் பார்த்தேன். தட்டிவிட்டு, திறப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறது. வேறு எண்!

ஒரே மெஷின். ஒரே பெயர். கையால் கேட்டால் ஒரு பதில், புரோகிராமுக்குள் இன்னொரு பதில். பணக் கம்பெனி அன்று ராத்திரி ஒன்பது மணிக்குத் தன் ஸர்வர்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தது. அதைச் சொல்லி அவர்கள் அனுப்பிய மெயில், கல்லூரிக்காரர்களின் தபால்பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. 'பெயர் மாறவில்லை, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்று வேறு எழுதியிருந்தார்கள். நியாயம்தான். தவணைப்படி மறுபடி கேட்கிற ஆளுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

எங்களுடையது ஜாவா. அது தரகரை நம்பாமல் பதிலைத் தன் மடியிலும் கட்டிவைத்துக்கொள்ளும். சாதாரணமாக 30 விநாடிதான். ஆனால் ஸெக்யூரிட்டி மானேஜர் என்ற காவல்காரனைப் போட்டு ஓட்டினால், அந்தக் காலத்து ஜாவாவில், முதலில் கிடைத்த எண்தான் வேதவாக்கு. புரோகிராம் நிற்கும் வரை மறக்காது. டி.டி.எல். எதுவானாலும் சரி. எங்கள் ஸர்வர்களில் யாரோ, எப்போதோ, காவல்காரனைப் போட்டிருந்தார்கள். யார் என்று நான் தேடவில்லை. தேடியிருந்தால் அடுத்த ஆடு தயாராகியிருக்கும்.

மானேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது ஸர்வரில் அவனுடைய மாற்றம் அப்படியே இருக்க, ஓர் எழுத்தையும் தொடாமல், புரோகிராமை நிறுத்திக் கிளப்பினேன். பட்டன். பணம் போனது. ரசீது வந்தது, ரூபாய்க் குறி முத்து முத்தாக.

"அப்ப இவன் மேல தப்பு இல்லங்கறே?"

"இல்ல ஸார். இவன் லீவுல இருந்திருந்தாலும் ஒம்பது மணிக்கு நின்னிருக்கும்."

"ம்..."

அந்த 'ம்' மட்டும் போதாது. அவர் மேஜையில் கல்லூரிக்கு எழுதிய மெயில் திறந்தபடி இருந்தது. மூன்றாவது வரியில், 'பயிற்சியில் இருக்கும் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் பையனின் பெயரும் இருந்தது. நான் நகராமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். மெயிலைப் பார்த்தார். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். அழிக்கிற வரைக்கும் நின்றேன். 'ஸர்வரின் பழைய அமைப்பு ஒன்றினால்' என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். கல்லூரியும் ஒரு நாள் கெடு நீட்டித்தது. பண்ருட்டிக்காரருக்கு நானே போன் போட்டேன். பெண் கட்டி முடித்துவிட்டாளாம். பின்னால் ஷட்டர் இழுக்கிற சத்தம் கேட்டது.

பன்னிரண்டே முக்காலுக்கு சைக்கிள் டீக்காரரிடம் நின்றோம். பையன் இரண்டு வாய் குடித்துவிட்டு, நன்றி எதுவும் சொல்லாமல், "ஏண்ணா அது மறக்கல?" என்று கேட்டான். அப்போதே தெரிந்துவிட்டது, இவன் தேறிவிடுவான் என்று.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மறக்காததற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை, பயம். டி.என்.எஸ்.ஸின் சாதாரணக் கேள்வி-பதில் ஒரு தபால் கார்டு. யார் வேண்டுமானாலும் கையெழுத்தைப் போலப் போட்டு, நிஜப் பதில் வருவதற்கு முன் பொய்ப் பதிலை அனுப்பப் பார்க்கலாம். பாங்கின் பெயரைக் கேட்டால் திருடன் வீட்டு எண் வரும். 2008-இல் டான் காமின்ஸ்கி என்பவர், ஒரு தரகரின் நினைவில் இந்தப் பொய்யை எவ்வளவு சுலபமாக ஏற்றலாம் என்று கண்டுபிடித்தார். வெளியே சொல்வதற்கு முன், முக்கியமான கம்பெனிகளை எல்லாம் ரகசியமாகக் கூட்டி, ஒரே சமயத்தில் ஒட்டுப் போட வைத்தார். பெரிய மனுஷத்தனம்! ஆக, 'அடிக்கடி கேட்டால் என்றைக்காவது பொய் வரும். முதலில் வந்ததையே பிடித்துக்கொள்' என்று ஜாவாக்காரர்கள் நினைத்ததிலும் அர்த்தம் இருக்கிறது. என் கட்சி என்ன என்றால், திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனையே உள்ளே விடாமல் இருப்பது ஜாஸ்தி. மறுநாள் அதை 60 விநாடி என்று மாற்றினோம்.

புரோகிராம் பாஷைகள் இந்த ஒரு வரியில் அடிக்கிற கூத்து இன்னும் இருக்கிறது. பி.எச்.பி.யில் கெட்ஹோஸ்ட்பைநேம் என்று ஒரு ஃபங்ஷன். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும். எண் கிடைக்காவிட்டால்? கொடுத்த பெயரையே திருப்பித் தரும்! பரீட்சையில் பதில் தெரியாதவன் கேள்வியையே அழகாக எழுதி வைப்பானே, அது மாதிரி. புரோகிராம் எழுதியவர் 'ஏதாவது வந்ததா?' என்று மட்டும் பார்ப்பார். வந்திருக்கும். மேலே போய்விடுவார். வந்தது கொடுத்ததேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸி பாஷையில் அதே பெயரில் ஒரு கிழவர் இருந்தார். அவரிடம் ஒரே ஒரு சிலேட்டு. உங்கள் பதிலை அதில் எழுதிக் காட்டுவார். நீங்கள் படித்து முடிப்பதற்குள் இன்னொருவர் கேட்டால் அழித்துவிட்டு அவருக்கு எழுதிவிடுவார். 2008-இல் அவரைத் தரப்பட்டியலிலிருந்து நீக்கி, கெட்அட்ரின்ஃபோ என்பவரைப் பதவியில் வைத்தார்கள். கிழவர் இன்னும் பல புரோகிராம்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. 'இல்லை' என்பது ஒரு பதில். பதிலே வராதது வேறு. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று உரிய குமாஸ்தா சொன்னால், அது முடிந்த விஷயம். குமாஸ்தா ஸீட்டிலேயே இல்லை என்றால், மறுபடி போய்க் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டுக்கும் சேர்த்து 'தவறான முகவரி' என்று ஒரே சிவப்பு வரியைப் போட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளர் சரியாகத் தட்டிய பெயரை நாலு தடவை அழித்து அழித்து எழுதிப் பார்க்கிறார், பாவம். 'இல்லை' என்ற பதிலுக்கும் ஆயுள் உண்டு. புது வெப்ஸைட்டின் பெயரைப் பதிவு செய்வதற்கு முன்பே ஆசையாகத் தட்டிப் பார்ப்பவர்கள் அந்த 'இல்லை'யையும் தரகரிடம் சேமித்து வைத்துவிட்டு, அப்புறம் பதிவு செய்தும் வரவில்லையே என்று தவிப்பார்கள்.

ஏதோ கிண்டிக் கம்பெனிக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2025 தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? அக்டோபர் 20. நாம் பட்டாசும் வெடித்து, லேகியமும் சாப்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்த நேரம். அமேஸானின் வர்ஜீனியா ஸர்வர் கூட்டத்தில், டைனமோடிபி என்கிற தகவல் கிடங்கின் பெயரைக் கேட்டால் எண் வரவில்லை. கிடங்குக்கு ஒரு சேதமும் இல்லை. எண்தான் இல்லை! நடந்ததை அமேஸானே பிறகு விவரமாக எழுதியது. எண்களின் பட்டியலை எழுதி ஒட்டுவதற்கு அங்கே தானியங்கி குமாஸ்தாக்கள் உண்டு. ஒருவர் மெதுவாக வேலை பார்த்ததில், தன் கையிலிருந்த பழைய பட்டியலைப் புதுசின் மேல் ஒட்டிவிட்டார். அதே சமயம் வேகமான இன்னொருவர், 'பழைய பட்டியல்களையெல்லாம் குப்பையில் போடு' என்ற விதிப்படி அதைக் கிழித்துவிட்டார். சுவர் காலி. அந்தப் பெயரை நம்பியிருந்த எத்தனையோ வெப்ஸைட்டுகளும் ஆப்புகளும் உலகம் முழுக்கப் படுத்தன. பெயருக்கு எண் திரும்ப வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைத் தொடர்ந்து சரிந்த மற்றவை எழுந்திருக்க, நம் கணக்குப்படி மறுநாள் விடியற்காலை ஆகிவிட்டது.

நம் விருத்தாசலத்துப் பையன் 2014 ஜூலையிலேயே பர்மனென்ட் ஆனான். இப்போது பெங்களூரில் ஒன்பது பேருக்கு மேலே இருக்கிறான். தலையில் கொஞ்சம் முடி போயிருக்கிறது. போன வருஷம் அவன் கம்பெனி ஸர்வர்களை வேறு இடத்துக்கு மாற்றியபோது என்னிடம் போனில் பேசினான். ஒரு வாரம் முன்னாலேயே டி.டி.எல்.லை 86,400-இலிருந்து 300-க்குக் குறைத்துவிட்டானாம். பழைய பதில்கள் எல்லாம் தவணை முடிந்து உதிர்ந்த பிறகுதான் எண்ணை மாற்றினானாம். அதோடு விடவில்லை. மாற்றிய பிறகும் பழைய ஸர்வர்களை இரண்டு வாரம் அணைக்காமல் வைத்திருந்தான். அவற்றுக்கு ஒரே ஒரு வேலை: யாராவது இன்னும் பழைய எண்ணுக்கு வந்து தட்டினால், யார் என்று குறித்துக்கொண்டு, புது இடத்துக்கு அனுப்பிவைப்பது.

அவனுக்கு மேலே இருப்பவர் கேட்டிருக்கிறார், "ரெண்டு வீட்டுக்கும் எதுக்குப்பா வாடகை?"

"எத்தனை பேர் வந்தாங்க தெரியுமாண்ணா?" என்றான் என்னிடம். "நாப்பத்தொண்ணு. பன்னெண்டாவது நாள்கூட ஒருத்தன் வந்தான். ஜாவா!"